பழைய வாய்வழி மருந்திடும் கைத்துப்பாக்கி: கோளாறு வாரியாக என்ன பார்ப்பது

குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கும் பழைய கைத்துப்பாக்கிகளைக் கொண்டுவருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குறைகளைத்தான் சொல்கிறார்கள்: துரு ஏறியிருக்கிறது, திருகாணி அசையவில்லை, குதிரை நிற்கவில்லை, கட்டை வெடித்திருக்கிறது, குழல் வேறு எதிலிருந்தோ எடுத்தது போல இருக்கிறது. அந்தக் குறைகளின் வரிசையிலேயே இதை எழுதுகிறேன். காட்சிக்கு வைத்துப் பேணுவதற்கான வழிமுறை இது. சுடுவதற்குத் தயார் செய்வது இதில் இல்லை.

சில பெயர்கள் மட்டும் முதலில். மேலே அடிக்கும் சுத்தி போன்ற பாகம் குதிரை. தீ உள்ளே போகும் பக்கத்துத் துளை பற்றுவாய். கேப், அதாவது அடித்தால் தீப்பொறி விடும் சிறு உலோகத் தொப்பி, வைத்து அடிக்கும் வகையில் பற்றுவாய்க்குப் பதிலாக, அந்தக் கேப்பை மாட்டும் நிப்பிள் என்ற சிறு துளைக்குழாய் இருக்கும். மருந்தை இடிக்கும் கோல் இடிகோல். குதிரையையும் அதன் வில்லையும் தாங்கும் பொறி லாக். மரப்பகுதி கட்டை.

இன்னொன்று: பழம்பொருளுக்கு உரிமம் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கையில் வைத்துக்கொள்ளும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில்: உள்ளே மருந்து இருக்கிறதா?

இதைத் தாண்டாமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள். நிரப்பிய துப்பாக்கியைச் சுடாமலே மாட்டி வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின் களத்தில் பொறுக்கிய சுமார் 27,500 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 நிரப்பியபடியே கிடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கலவை. காற்றுப் புகாமல் உலர்ந்து கிடந்தால் நூறு, இருநூறு ஆண்டு கழித்தும் அது பற்றும். நனைந்து காய்ந்த மருந்தையும் செத்துவிட்டது என்று நம்பக்கூடாது.

பார்க்கும் முறை இது. குழல்வாயை ஆள் இல்லாத திசைக்குத் திருப்பிக் கொள்ளுங்கள். குதிரை பின்னுக்கு இழுத்த நிலையில் இருந்தால் அதை இறக்க முயல வேண்டாம். அங்கேயே நிறுத்திவிட்டுப் பழந்துப்பாக்கிகளில் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். குதிரை இறங்கியிருந்தால் நிப்பிளில் கேப் ஒட்டியிருக்கிறதா, சக்கிமுக்கிக் கல் வகையானால் பற்றுவாய்க்கு வெளியே மருந்து வைக்கும் தட்டில் கறுப்பு மணி ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். கேப் இருந்தால் அதை நெம்பாதீர்கள்.

பிறகு மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக இறக்குங்கள். இரும்புக் கம்பி கூடாது, குத்தவும் கூடாது. குச்சி நின்ற இடத்தில் குழல்வாய்க்கு நேராகப் பென்சிலால் குறியிட்டு வெளியே எடுங்கள். அதே குச்சியைக் குழலின் மேல்புறத்தில், குறி வாய்க்கு நேராக வரும்படி வைத்துப் பாருங்கள். நுனி பற்றுவாய் வரை, அல்லது நிப்பிளின் அடி வரை எட்டினால் குழல் காலி.

குச்சி முன்னாலேயே நின்றுவிட்டால்

மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்தாலே நிரப்பியிருக்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். பூச்சி கட்டிய மண்கூடு, யாரோ அடைத்த துணி, உதிர்ந்த துருச் செதில் எல்லாம் குச்சியை நிறுத்தும். குழலின் அடியிலுள்ள மருந்தறை குறுகலாக அமைந்த வகையும் நிறுத்தும். லண்டன் துப்பாக்கி செய்பவர் ஹென்றி நாக் 1787இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அப்படிப்பட்டது. அதில் பருமனான குச்சி அறையின் விளிம்பிலேயே தங்கிவிடும். இன்னும் மெல்லிய குச்சி ஒன்றால் ஒருமுறை பாருங்கள். போனில் மாட்டும் சிறு கேமராவை விட்டுப் பார்த்தால் மண்கூடும் துணியும் பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்ணை வாய்க்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். வெளிச்சத்துக்குத் தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ பக்கத்தில் வரவே கூடாது.

கேமராவில் உருண்டையாகச் சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிந்தால் அது ஈயக்குண்டு. பின்னால் மருந்து இருக்கும். என்னவென்று தெரியாவிட்டாலும் முடிவு ஒன்றுதான்: பழந்துப்பாக்கிகளில் பழகிய, உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லாத ஊரில் காவல்துறையிடம் சொல்லி வெடிபொருள் பிரிவை வரவழையுங்கள். நீங்களாகக் குண்டைத் துருவி எடுக்க வேண்டாம். துப்பாக்கியைச் சூடுபடுத்தவோ, எண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டுத் தோண்டவோ வேண்டாம். அதை வண்டியில் போட்டு எடுத்துப்போவதற்கு முன்பும் கேட்டுவிட்டே எடுங்கள்.

குழலின் மேல் துரு

*கெட்டியாக, கரும்பழுப்பாக இருக்கிறது, துணியில் ஒட்டவில்லை.* தொடாதீர்கள். அது துருவே ஆனாலும் நின்றுபோன துரு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பல குழல்களுக்கு வேண்டுமென்றே பழுப்பேற்றினார்கள். ஒளி குறையவும், மேலும் துரு பிடிக்காமல் இருக்கவும் செய்த வேலை அது. இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த குழலில் அந்தப் பழுப்புக்கு அடியில்தான் வரிவரியான கோலம் இருக்கிறது. பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டவரின் கையில் சப்பையான வெள்ளைக் குழாய்தான் மிஞ்சும்; செய்தவனின் முத்திரை எழுத்தும் கூடவே போய்விடும். என்னிடம் வரும் துப்பாக்கிகளில் காலம் செய்த கேட்டைவிட உப்புத்தாள் செய்த கேடே அதிகம்.

*செம்மஞ்சள் பொடி, தேய்த்தால் வெள்ளைத் துணியில் ஒட்டுகிறது.* இது நடந்துகொண்டிருக்கும் துரு. எளிய காரணம் ஈரக்காற்று, அல்லது வெறுங்கையால் தொட்ட வியர்வை. குழல் காலி என்று உறுதியான பிறகு, மென்மையான தூரிகையால் பொடியைத் தட்டுங்கள். மெல்லிய இயந்திர எண்ணெய் ஓரிரு துளி விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள். மறுநாள் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டித் துணியால் துடையுங்கள். மூங்கிலுக்கு வராததை விட்டுவிடுங்கள். வினிகர், எலுமிச்சை, துரு நீக்கும் அமிலம், டிரில்லில் மாட்டும் கம்பித் தூரிகை நான்கும் வேண்டாம். அமிலம் துருவோடு நிற்காமல் நல்ல இரும்பையும் தின்று, குழிக்குள் தங்கி அடுத்த மாதமே புதுத் துருவைக் கிளப்பும்.

துரு நின்றதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: துடைத்த துப்பாக்கியை வெள்ளைத் தாள் விரித்த மூடிய பெட்டியில் இரண்டு வாரம் வைத்திருங்கள். தாளில் செம்பொடி விழுந்திருந்தால் நிற்கவில்லை.

*துருவின் மேல் சிறு துளிகள் வியர்த்திருக்கின்றன, அல்லது செதில் செதிலாகப் பெயர்கிறது.* உலோகத்துக்குள் குளோரைடு உப்பு ஏறியிருக்கிறது. கடலோரத்தில் கிடந்தவை, மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எண்ணெயும் மெழுகும் இதை நிறுத்தாது. மேலே பூசினால் அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். நேராக உலோகப் பாதுகாப்பு நிபுணரிடம் போக வேண்டிய கட்டம் இது. அதுவரை சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருங்கள்.

துடைத்து முடித்த குழலுக்கு நுண்படிக மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சுப் போதும். ரெனசான்ஸ் மெழுகு என்று விற்பது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான அத்தகைய மெழுகுதான். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், கட்டைக்குள்ளும் இறங்கும். மெழுகில் அந்தத் தொல்லை இல்லை. இனி எடுக்கும்போதெல்லாம் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குழலின் உள்ளே துரு

வெளியே சுத்தமாக இருந்து உள்ளே மட்டும் துரு வந்துகொண்டே இருந்தால், என்றோ சுட்டபோது படிந்த கசடுதான் காரணம். கரிமருந்துக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய கேப்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் விட்டுச்செல்லும் உப்பும் அப்படித்தான். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் எண்ணெய் விட்ட குழலும் துருப்பிடிக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த துணித்துண்டை மரக்கோலில் சுற்றி உள்ளே விட்டு எடுங்கள். துணி சுத்தமாக வரும்வரை மாற்றுங்கள். உடனே காய்ந்த துணி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி, மறுபடி காய்ந்த துணி. ஈரம் இம்மியும் மிஞ்சக்கூடாது. கடைசியில் மிக மெல்லிய எண்ணெய்ப்பூச்சு. கட்டையில் நீர் படாதபடி துப்பாக்கியைச் சாய்த்துப் பிடியுங்கள். குழலைக் கழற்றித்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

குழலின் அடிமூடியைத் திருகிக் கழற்றாதீர்கள். அதற்கு எந்தக் காரணமும் போதாது. மரைகள் துருவால் ஒன்றிப்போயிருக்கும். கழன்றால் பழையபடி இறுகாது.

இடிகோல் வெளியே வரவில்லை

மரக்கோலானால் பெரும்பாலும் ஈரத்தில் உப்பியிருக்கும். உலர்ந்த அறையில் சில வாரம் வைத்தால் தானே தளரும். அவசரம்தான் கோலை ஒடிக்கிறது. இரும்புக் கோலானால் கட்டைக்கு அடியிலுள்ள வளையத்தோடு துரு பிடித்து ஒட்டியிருக்கும். வளையத்துக்குள் ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி, மரத்தில் வழியாமல் பஞ்சால் ஒற்றி, மறுநாள் கையால் மட்டும் முன்னும் பின்னும் சுழற்றிப் பாருங்கள். பிளையர் வேண்டாம். இரண்டு மூன்று முறை முயன்றும் அசையாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். காட்சிப்பொருளுக்கு அது ஒரு குறையில்லை.

திருகாணி அசையவில்லை

முதலில் கையிலுள்ள திருப்புளியைப் பாருங்கள். கடையில் வாங்கும் திருப்புளியின் முனை ஆப்பு வடிவம். பழைய திருகாணியின் காடி பெரும்பாலும் குறுகலானது, பக்கங்கள் நேரானவை. ஆப்பு முனை காடியின் மேல்விளிம்பை மட்டும் பிடித்து, நழுவி, தலையைக் கிழிக்கும். முனையைக் காடியின் அகலத்துக்கும் பருமனுக்கும் சரியாக அரத்தால் ராவிக்கொண்டால் பாதித் திருகாணிகள் அப்போதே கழலும்.

கழலாதவற்றில் அடுத்துப் பார்க்க வேண்டியது காடிக்குள் இருக்கும் அழுக்கு. காய்ந்த எண்ணெயும் மெழுகும் அடைத்திருந்தால் ஊசியால் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஊடுருவும் எண்ணெய், ஒருவாரப் பொறுமை, கடைசியில் திருப்புளியை வைத்து அதன் தலையில் மெல்லிய சுத்தியால் சில தட்டு. தீயோ வெப்பக்காற்றோ காட்டாதீர்கள். காலி என்று குச்சி சொன்னாலும், பற்றுவாயின் மூலையில் ஒட்டிய மருந்தைக் குச்சி பார்த்திருக்காது.

கழன்றவற்றை ஒன்றாகக் கொட்டி வைக்காதீர்கள். கையால் மரையிட்ட காலத்தில் ஒரு திருகாணி இன்னொரு துளைக்குப் பொருந்தாது. அட்டையில் துப்பாக்கியின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

காடி கிழிந்துபோயிருந்தால், அல்லது தலை ஒடிந்திருந்தால், டிரில்லை எடுக்க வேண்டாம். கூலி கொடுத்தாவது அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

குதிரை நிற்கவில்லை, அல்லது அசையவே இல்லை

அசையாததற்குப் பெரும்பாலும் காய்ந்து பசையான எண்ணெய்தான் காரணம். லாக்கைக் கழற்றி வெள்ளை ஸ்பிரிட்டால் கழுவிக் காயவைத்தால் இளகிவிடும். லாக்கைக் கழற்றும்போது பக்கத் திருகாணிகளை முழுதும் எடுத்துவிட்டு நெம்பாதீர்கள். இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, அவற்றின் தலையில் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டினால் லாக் தானே எழும்பும். நெம்பினால் அதைச் சுற்றியுள்ள மரவிளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.

குதிரை தளர்வாக ஆடினால் முதன்மை வில் ஒடிந்திருக்கலாம். லாக்கின் உட்புறம் பார்த்தாலே தெரியும்.

பாதி இழுத்த நிலையில் நிற்காமல் விழுகிறது என்றால் உள்ளே உள்ள பள்ளமோ, அதில் மாட்டும் நாக்கோ தேய்ந்திருக்கிறது. சில சமயம் வெறும் அழுக்கு பள்ளத்தை நிரப்பியிருக்கும். கழுவியபின் மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் அரம் வைக்காதீர்கள். ராவ ராவப் பள்ளம் குறையுமே தவிர ஆழமாகாது, கோணமும் கெடும். இதைப் பழந்துப்பாக்கி லாக் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். காட்சிக்கு மட்டும் வைப்பதானால் சரிசெய்யாமலே விடலாம். இறங்கிய நிலையில் குதிரையை வையுங்கள், வில்லுக்கும் அதுவே ஓய்வு.

வந்தவர்களுக்குக் காட்டக் குதிரையை இழுத்து அடித்துக் காட்டும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வெறும் நிப்பிளில் விழும் ஒவ்வோர் அடியும் அதன் தலையை நசுக்குகிறது.

கட்டையில் கோளாறு

லாக்குக்குப் பின்னால், பிடி வளையும் இடத்தில் விரிசல்: மரம் அங்கேதான் மெலிவு. மரம் வறண்டு சுருங்கியதா, அடிபட்டதா என்று பாருங்கள். விரிசல் அசையாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். அசைந்தால் சூப்பர் குளூவோ எப்பாக்சியோ ஊற்றாமல் மரப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். அவர் பிறகு கழற்றக்கூடிய விலங்குப் பசை போடுவார்.

லாக்கைச் சுற்றி மரம் கறுத்து மெத்தென்று இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் இறங்கிய எண்ணெய். இனி எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசச் சொல்வார்கள். அது காய்ந்து கறுத்துக் கெட்டியாகும், பிறகு எடுக்க முடியாது.

சிறு துளைகள் இருந்தால் அடியில் கறுப்புத் தாள் விரித்துப் பாருங்கள். வெளிறிய புதுப்பொடி விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பாலித்தீனில் மூடி மற்றப் பொருட்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு மரப் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

இரும்புக்கு வறட்சி நல்லது, மரத்துக்கு ஓரளவு ஈரம் வேண்டும். இரண்டும் சேர்ந்த பொருளுக்கு ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் நல்லது.

பித்தளையில் பச்சை, குண்டில் வெள்ளை

பித்தளையில் வழவழப்பான பச்சைக் களிம்பு பெரும்பாலும் பழைய எண்ணெயோடு பித்தளை சேர்ந்து வந்தது. வெள்ளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் போய்விடும். வெளிர்பச்சைப் பொடியாகக் குழிக்குள்ளிருந்து கிளம்பினால் அது உப்பு நோய், நிபுணர் வேலை. பாலிஷ் பசை வேண்டாம், எழுத்து தேயும்.

பெட்டியோடு வந்த ஈயக்குண்டுகள் வெள்ளையாகப் பூத்திருந்தால் பெட்டியின் மரத்திலிருந்து, குறிப்பாக ஓக்கிலிருந்து, வரும் அமில ஆவிதான் காரணம். அந்தப் பொடி நஞ்சு. ஊதவோ துடைக்கவோ வேண்டாம். கையுறையோடு எடுத்து மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் தனியே வையுங்கள்.

குழல் இந்தத் துப்பாக்கிக்கு உரியதாகத் தோன்றவில்லை

பட்டாளத்து நீளத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கியாக்கியவை ஏராளம். அதுவும் ஒரு வரலாறு. வைத்திருப்பதில் இழிவு இல்லை. ஆனால் எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் சரியாக அடையாளம் எழுத முடியும். பார்க்க வேண்டியவை:

வாயின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளவெடுங்கள். பிரிட்டிஷ் குதிரைப்படைக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் 0.65 அங்குலம், சுமார் 16.5 மில்லிமீட்டர். 19 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் பிரவுன் பெஸ் என்ற பிரிட்டிஷ் மஸ்கட்டின், அதாவது பட்டாளத்து நீளத் துப்பாக்கியின், அளவு. 17.5 என்றால் பிரெஞ்சு மஸ்கட். 14.7 என்றால் 1853 மாதிரி என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் பட்டாளத்துத் துப்பாக்கி. தேய்மானமும் உள்துருவும் கொஞ்சம் கூட்டிக்காட்டும்.

உள்ளே குண்டைச் சுழலவிடும் வரிப்பள்ளம் இருந்தால் அதன் சுழற்சியைப் பாருங்கள். 1853 என்ஃபீல்டில் மூன்று பள்ளங்கள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதிலிருந்து அறுத்த 8 அங்குலக் குழலில் பள்ளம் பத்தில் ஒரு சுற்றுத்தான் திரும்பும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரியும்.

அடுத்து குழலின் சுவர். மஸ்கட் குழல் அடியில் தடித்து வாயை நோக்கி மெலிந்துகொண்டே போகும். கைத்துப்பாக்கியின் வாயில் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்தால், பழைய குழலின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு முன்பாகத்தை அறுத்திருக்கிறார்கள். பழைய பற்றுவாயும், குழலின் வலுவைச் சோதித்தபின் அடித்த சோதனை முத்திரையும் அப்படியே இருக்கும். மாறாக, அடியிலும் சுவர் மெல்லியதாக இருந்து, வாயருகே பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் முளையோ அதைச் சீவிய தடமோ தெரிந்தால், முன்பாகத்தை எடுத்துப் பின்னால் புது மூடி போட்டிருக்கிறார்கள். குழலுக்கு அடியில் கட்டையோடு பிணைக்கும் காதுகள் இடம் மாறியிருந்தாலும், நிரப்பிய காடிகள் தெரிந்தாலும் அது கூடுதல் சாட்சி.

சோதனை முத்திரை இருக்கிறதே, குழல் உறுதியானதுதானே என்று கேட்பார்கள். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இலிருந்தும், பர்மிங்காம் சோதனைச் சாலைக்கு 1813இலிருந்தும் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் வேலை இருந்து வருகிறது. அந்த முத்திரை சோதித்த அன்று குழல் இருந்த நிலைக்குத்தான் சாட்சி. பின்னால் அறுத்ததற்கும், புது மூடி போட்டதற்கும், பற்றுவாயை அடைத்து நிப்பிள் பொருத்தியதற்கும் அது சாட்சியாகாது. முன்பாகத்திலிருந்து செய்த குழலில் மருந்தின் முழு அழுத்தமும் மெல்லிய சுவரில் விழும். வெளியிலிருந்து பார்த்து அதன் வலுவை யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே அறுத்த குழல் உள்ள எதையும் சுட்டுப் பார்க்காதீர்கள், வெறும் மருந்தோடு கூட. யாராவது சுட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், கட்டையிலிருந்து கழற்றிய குழலை அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைக்கு அனுப்புவது ஒன்றே வழி. சோதனையில் குழல் வெடித்துப்போகலாம் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.